கொடுக்கும் கையையும் கேள்!

"பாத்திரமறிந்து பிச்சையிடு" என்றனர் பெரியோர். கேட்பதற்கு நல்ல அறிவுரைதான். ஆனால் பாத்திரம் எது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே! குலம் பார்த்தனர், கோத்திரம் பார்த்தனர், பசித்தவன் எவன் என்று மட்டும் பார்க்கவில்லை! தந்தவனுக்குப் புண்ணியம் சேர்ந்ததா என்று எண்ணினர். பெற்றவனுக்குப் பயன் சேர்ந்ததா என்று எண்ணவில்லை. ஏழையின் துயர் துடைக்கும் கருவியாக இருக்கவேண்டிய ஈகை, செல்வன் மேலுலகம் செல்ல வாங்கும் சீட்டாகிவிட்டது.

"பயன் என்ன?" என்ற அந்தக் கேள்வியையே கொடியாக ஏந்தி எழுந்தது ஓர் இயக்கம், மேலைநாட்டிலே. 'எபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்' என்பது அதன் பெயர். பயனறிந்து உதவுதல் என்று நாம் அதனை அழைக்கலாம்.

அதன் வித்து 1971ஆம் ஆண்டிலேயே விழுந்தது. கிழக்கு வங்கத்து மக்கள் இலட்சக்கணக்கில் எல்லை கடந்து இந்திய மண்ணுக்கு அகதிகளாக ஓடிவந்து, பசியாலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்த நேரம். ஆக்ஸ்போர்டிலே இருந்த 25 வயது இளைஞர் பீட்டர் சிங்கர், அதுபற்றி ஒரு கட்டுரை தீட்டினார். 1972இல் அது வெளிவந்தது. ஆழமில்லாக் குட்டையிலே ஒரு குழந்தை மூழ்குகிறது, இறங்கினால் காப்பாற்றலாம், ஆடை சேறாகும், அவ்வளவே. இறங்காமற் போவாயா என்று கேட்டார். மாட்டேன் என்றால், கண்ணெதிரே மூழ்கும் குழந்தைக்கு ஒரு நீதி, கடலுக்கப்பால் மடியும் குழந்தைக்கு வேறொரு நீதியா? பதில் கூற எவர்க்கும் எளிதாக இல்லை.

கருத்து பிறந்தது; கூட்டம் பிறகே சேர்ந்தது. 2007இல் அமெரிக்காவிலே, நிதி நிறுவனமொன்றில் பணியாற்றிய இரு இளைஞர்கள், "நாங்கள் தரும் பணத்தை என்ன செய்கிறீர்கள்?" என்று அறநிலையங்களைக் கேட்டனர். வண்ணப்படங்கள் வந்தன, கணக்கு வரவில்லை! கணக்கைத் தேடவே 'கிவ்வெல்' என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினர். 2009இல் ஆக்ஸ்போர்டிலே டோபி ஆர்ட், வில்லியம் மெக்காஸ்கில் ஆகியோர் ஓர் உறுதிமொழிச் சங்கம் கண்டனர்: வருவாயில் பத்தில் ஒரு பங்கை, மிகுந்த பயன் தரும் வழியில், வாழ்நாள் முழுவதும் தருவோம் என்பதே உறுதிமொழி.

"அன்புக்கா கணக்கு? கருணைக்கா தராசு?" என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவர்களுக்கு ஒன்று கூறுவேன். 2023ஆம் ஆண்டில் மட்டும் மலேரியாவால் மாண்டோர் ஏறத்தாழ 5,97,000 பேர் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். மருந்து தோய்த்த கொசுவலையின் விலையோ சில டாலர்களே. பலருக்கு வலை தந்து ஓர் உயிரைக் காக்க ஏறத்தாழ 5,000 டாலர் ஆகும் என்று கிவ்வெல் கணக்கிடுகிறது. அதே தொகையில் பளிங்கிலே பெயர் பொறிக்கலாம். ஒரு குழந்தையைப் பள்ளி செல்லும் வயதுவரை வாழவைக்கவும் செய்யலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சொன்ன நாட்டிலே, உயிர் காக்கும் காசை அளப்பது குற்றமா?

குற்றமல்ல. ஆனால் அந்த இயக்கம் ஒன்றை அளக்க மறந்தது. வாங்குவோரை அளந்தது, வழிகளை அளந்தது, வாரி வழங்கியவரை அளக்கவில்லை!

சாம் பேங்க்மன்-பிரீட் என்ற மாணவரிடம் 2012இல் மெக்காஸ்கில் ஒரு கருத்தைச் சொன்னார்: நிறையப் பொருளீட்டு, ஈட்டியதை வழங்கு. அவரும் ஈட்டினார். எப்.டி.எக்ஸ். என்ற கிரிப்டோ நாணயச் சந்தையின் அதிபரானார். 2018இலேயே, அவருடைய முந்தைய நிறுவனத்திலே உடனிருந்த இவ்வியக்கத்தார் பலர், அவர்மீது நம்பிக்கையிழந்து வெளியேறினர். எச்சரிக்கை மணி ஒலித்தது. பணத்தின் ஓசையிலே அது கேட்கவில்லை. 2022 பிப்ரவரியில் அவர் நிறுவனத்தின் பெயரால் பெரும் நிதியம் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே எல்லாம் சரிந்தது. வாடிக்கையாளரின் சுமார் 800 கோடி டாலர் கையாடப்பட்டது அம்பலமாயிற்று. 2023இல் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றனர். 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

"திருட்டுப் பணத்தில் வாங்கிய வலையானாலும் கொசுவைத் தடுக்குமல்லவா?" என்று கேட்பான் ஒருவன். தடுக்கும்! ஆனால் ஏமாற்றப்பட்டவனைக் கூட்டலிலே சேர்க்காத கணக்கு, கணக்கே அல்ல. அவனும் மனிதன், அவன் சேமிப்பும் வியர்வை. அதைவிடப் பெரிய நட்டமும் ஒன்றுண்டு. ஒருவர் பையிலிருந்து உயிர் வாழும் இயக்கம், அவர் முகம் பார்த்தே பேசும். ஆண்டான் தரும் கூலியை நம்பி வாழ்பவன் ஆண்டானைக் கேள்வி கேட்பானோ? நல்லவர் தந்தாலும் நிலை அதுவே! பேஸ்புக் உடன்நிறுவனர் டஸ்டின் மாஸ்கோவிட்ஸ், அவர் மனைவி காரி டூனா ஆகியோரின் செல்வமே நெடுங்காலமாக இவ்வியக்கத்தின் பெருந்தூண். அவர்கள்மீது நான் பழி கூறவில்லை. ஒரே தூண்மேல் கூரை நிற்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

வலைக்குள் உறங்குவோர் குரலுக்கும் இடம் வேண்டும். அதற்கு அவ்வியக்கத்திலேயே சான்று உண்டு. கிவ்வெல்லுக்காகக் கானா, கென்யா நாடுகளின் ஏழைக் குடும்பங்களிடம், உயிருக்கும் வருமானத்துக்கும் நீங்கள் தரும் மதிப்பென்ன என்று ஆய்வாளர் கேட்டனர். குழந்தை உயிரை அவர்கள், கணக்காளர் எண்ணியதைவிட உயர்வாக மதித்தனர். 2019இல் ஆய்வு வெளிவந்தது. கிவ்வெல் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. கேட்டதால் குறைந்ததா அறிவு? கூர்மையன்றோ பெற்றது!

ஆகவே தோழர்களே, பெருஞ்செல்வர் பணம் வேண்டாமென்று நான் கூறவில்லை. வேண்டாமென்றால் இழப்பு நமக்கல்ல, காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு. வரட்டும், ஆனால் வந்த வழியைக் காட்டி வரட்டும். அவர் விலகினால் அமைப்பு விழும் என்ற அளவுக்கு வளராதிருக்கட்டும். தந்தவர் கருத்தை மறுத்துரைக்கும் உரிமை, கடைசி உறுப்பினருக்கும் இருக்கட்டும்.

மாதச் சம்பளம் வாங்கும் என் போன்ற ஆசிரியன் தரும் தொகை எம்மாத்திரம் என்று சிரிக்கலாம். ஒருவர் தரும் கோடி நின்றால் மாளிகை சரியும். கோடிப் பேர் தருவதில் ஒன்று நின்றால் ஒரு செங்கல்லும் அசையாது. சிறு கொடை தருபவன் உயிரை மட்டும் காக்கவில்லை. இயக்கத்தின் நாவையும் காக்கிறான்.

கொடுங்கள், அளந்து கொடுங்கள். பெறுபவனைக் கேட்டுக் கொடுங்கள். கொடுப்பவன் எவ்வளவு பெரியவனாயினும், கேள்வி கேட்ட பிறகே கை நீட்டுங்கள். கேள்விக்கு அஞ்சும் ஈகை, ஈகையல்ல. அது மற்றோர் ஆதிக்கம்!