செவிமடுப்பவர் யார்?

1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், 'எலைசா' என்னும் கணிப்பொறி நிரலை அறிமுகம் செய்தார். நாம் தட்டச்சு செய்யும் சொற்களையே சற்றுத் திருப்பி, நம்மிடம் கேள்வியாகக் கேட்பதே அதன் வேலை. அது எதையும் உணர்ந்ததில்லை. அந்நிரல் உருவானதை மாதக்கணக்கில் அருகிருந்து கண்டவர் பேராசிரியரின் செயலாளர். ஆயினும் அதனோடு உரையாடத் தொடங்கிய சிறிது நேரத்தில், பேராசிரியரை அறையைவிட்டு வெளியே செல்லுமாறு அவர் கேட்டுக்கொண்டார்! 1976இல் வெளியிட்ட நூலில் வைசன்பாம் இதை வியப்போடும் கவலையோடும் பதிவு செய்தார்.

2024 ஏப்ரலில் அமெரிக்காவின் 'கேத்தலிக் ஆன்சர்ஸ்' நிறுவனம், விசுவாசம் குறித்த ஐயங்களுக்கு விடையளிக்க, 'அருள்தந்தை ஜஸ்டின்' என்னும் செயற்கை நுண்ணறிவு உருவத்தை வெளியிட்டது. அதுவோ தன்னை உண்மையான குருவென்று கூறிக்கொண்டது. பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்பும் வழங்கியது. எதிர்ப்பு எழவே, சில நாள்களிலேயே குருப்பட்டமும் குருவுடையும் அதனிடமிருந்து அகற்றப்பட்டன.

மன்னிப்பின் சொற்களைப் பிழையின்றி மொழிந்தாலும் அது ஏன் மன்னிப்பாகாது? இயந்திரம் திருநிலைப்படுத்தப்படவில்லை என்பது திருச்சபை தரும் விடை. அவ்விடைக்குள் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. நமக்குச் செவிமடுக்கும் குருவும் ஒரு பாவியே. அவரும் வேறொரு குருவின் முன் முழந்தாளிடுகிறார். கேட்டதை எந்நிலையிலும் வெளியிடாமல் காக்கும் கடமை அவருக்கு உண்டு. இயந்திரத்திற்கோ இழப்பதற்கு ஒன்றுமில்லை. நம் கண்ணீர் அதனைச் சுடுவதில்லை. நம் வீழ்ச்சி அதன் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. சுமக்கத் தோளில்லாத ஒன்று நம் சுமையை எவ்வாறு பகிரும்? மனித அறிவு உடலோடும் உறவோடும் பிணைந்தது என்று வத்திக்கான் 2025 ஜனவரியில் வெளியிட்ட 'அன்ட்டிக்வா எத் நோவா' ஆவணம் கற்பிப்பதும் இதனால்தான்.

ஆயினும், நள்ளிரவில் இயந்திரத்திடம் மனம் திறப்போரை நாம் எளிதில் பழித்துவிடலாகாது. அது கடிந்துகொள்வதில்லை, முகம் சுளிப்பதில்லை. நம்மிடம் சொன்னாலோ, ஞாயிறு திருப்பலி முடிவதற்குள் பங்கு முழுவதும் பரவிவிடுமோ என்னும் அச்சம்! அன்பியக் கூட்டத்தில் அருகமர்ந்திருப்பவரின் துயரை நாம் கேட்டதுண்டா? வீட்டில் முதிய தாய் பழங்கதையைத் தொடங்கும்போது நம் கண்கள் கைப்பேசியைத்தானே நாடுகின்றன?

எம்மாவு செல்லும் வழியில் உயிர்த்த ஆண்டவர் முதலில் போதிக்கவில்லை. கூடவே நடந்தார், அவர்கள் துயரத்தின் காரணத்தை வினவினார், முழுவதும் கேட்டார். எல்லாம் அறிந்தவரே கேட்கப் பொறுமை கொண்டார் எனில், நமக்கென்ன அவசரம்?

இயந்திரம் மனிதரைப் போலப் பேசக் கற்றுக்கொண்டதைவிட, மனிதராகிய நாம் கேட்க மறந்ததே பெரும் ஆபத்து. அன்று பேராசிரியர்தாம் வெளியே அனுப்பப்பட்டார். நம் இல்லங்களிலோ, எவரும் அனுப்பாமலே நாம் வெளியேறிவிட்டோம். திரும்பி வருவோமா?