பழுது பார்த்தலும் பலம் கூட்டலும்

வியாபாரிகளாகிய நமக்குச் சரக்கு வண்டி என்பது இரண்டாவது கடை. கடையை ஒரு நாள் பூட்டினால் அன்றைய வியாபாரம் மட்டுமே போகும். வேன் ஒரு வாரம் பட்டறையில் கிடந்தாலோ வாடிக்கைக்காரரே போய்விடுவார். ஆகவே எஞ்சினைப் பிரித்தே தீர வேண்டிய பெரும் பழுது வந்துவிட்டால் மனம் கலங்குவது இயல்பு. அந்தக் கலக்கத்தின் நடுவில்தான் மெக்கானிக் ஒரு வார்த்தை சொல்வார்: "எப்படியும் பிரித்தாகிவிட்டது, முதலாளி. கூடவே கொஞ்சம் பவர் ஏற்றிவிடலாமா?"

இது இரும்பைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். சற்று நின்று யோசித்தால், தேவை எங்கே முடிந்து ஆசை எங்கே தொடங்குகிறது என்னும் பழைய கேள்விதான் கிரீஸ் பூசிக்கொண்டு வந்து நிற்கிறது என்பது விளங்கும். இதை எண்ணிப் பார்க்க நமக்கு வேறு நேரம் வாய்ப்பதில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

முதலில் மெக்கானிக்கின் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். பெரிய பழுதில் சாமான் விலையைவிடக் கூலிதான் பல வேளைகளில் அதிகம். ஹெட் காஸ்கெட் என்பது ஒரு தகடு. அதை எட்டுவதற்குள் பாதி எஞ்சினைக் கழற்ற வேண்டும். பல எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் வாட்டர் பம்ப்பை எட்ட முடியும். கியர் பெட்டியை இறக்கினால்தான் கிளட்ச் தெரியும். ஆதலால் பெல்ட்டுக்காகப் பிரித்தபோதே பம்ப்பையும் மாற்றுவது சிக்கனமே தவிர ஊதாரித்தனம் ஆகாது. நமக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர், "பம்ப் இன்னும் ஓடுகிறதே" என்று சொல்லிப் பழையதையே மாட்டச் செய்தார். நாலாம் மாதம் அது ஒழுகிற்று. தண்ணீர் வற்றி, எஞ்சின் கொதித்து, புதிதாகப் போட்ட காஸ்கெட்டும் கருகி, ஹெட்டும் வளைந்தது. இரண்டாம் முறை அவர் கொடுத்த கூலியில் நாலைந்து பம்ப் வாங்கியிருக்கலாம்.

ஆகவே "பிரித்ததோடு சேர்த்துச் செய்" என்ற சொல் முழுவதும் பொய்யன்று. அது மெய்யாய் இருப்பதனாலேயே அதன் பின்னால் வேறொன்று ஒளிந்து வர முடிகிறது. பம்ப்புக்குச் சொன்ன அதே நியாயத்தை டர்போவுக்கும் சொல்லிவிடலாம் அல்லவா?

இவ்விரண்டுக்கும் வேற்றுமை உண்டென்பது நம் கருத்து. வண்டி எதுவாக இருந்ததோ அதுவாகவே நீடிக்கச் செய்யும் வேலை ஒரு வகை. நல்ல காஸ்கெட், புது ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், பெல்ட் யாவும் இதில் அடங்கும். வண்டியை வேறொன்றாக்கும் வேலை இன்னொரு வகை. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவதும், கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி டீசலை அதிகம் பாய்ச்சுவதும், பெரிய எஞ்சினையே தூக்கி வைப்பதும் இவ்வகை. முதல் வகைக்கு "பிரித்தாகிவிட்டது" என்பதே போதிய காரணம். இரண்டாவதற்கு அது காரணமாகாது. ஒரு வாய்ப்பு மட்டுமே.

சில வேலைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவது பட்டறைகளில் சாதாரணம். நம்மில் பலர் ஓட்டும் டொயோட்டா ஹையேஸின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் கூட்டினால் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஏறத்தாழ 27 சி.சி. கூடும், அவ்வளவே. இதைப் "பவர் ஏற்றியாயிற்று" என்று சொல்லிக் காசு கேட்பவரிடம் நாம் பணிவாகச் சிரித்துவிட்டு வரலாம்.

இனி, நாம் அதிகம் ஏமாறும் இடத்துக்கு வருவோம். ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்குச் சரக்கு ஏற்றும் ஒருவர், "மேட்டில் வண்டி இழுக்கவில்லை, பலம் போதாது" என்று குறைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது உண்மையே. ஆனால் எந்த வண்டி இழுக்கவில்லை? ரிங் தேய்ந்து, வால்வு சரியாக உட்காராமல், இன்ஜெக்டர் அடைத்துக் கிடந்த வண்டி. அந்த எஞ்சின் பிறந்தபோது பெற்றிருந்த பலம் சிறிது சிறிதாகப் போய்விட்டது. போனது மெதுவாகப் போனதால் அவருக்குத் தெரியவில்லை. ஒழுங்கான ஓவர்ஹால் செய்தாலே அந்தப் பலத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். அவரோ கிழ எஞ்சினை ஒரு தட்டிலும் பலம் ஏற்றிய எஞ்சினை மறு தட்டிலும் வைத்து நிறுக்கிறார். பழுது நீங்கிய எஞ்சின் தராசில் ஏறவே இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் தம்மிடம் இருந்ததையே இன்று புதிய ஆசையென்று எண்ணி விலை கேட்கிறார்.

இதில் ஒரு சங்கடம் இருப்பதை மறைப்பதற்கில்லை. பழுது நீங்கிய எஞ்சின் எப்படி இழுக்கும் என்பது மூடிய பிறகுதான் தெரியும். பலம் ஏற்றுவதா என்பதையோ மூடுமுன் சொல்லியாக வேண்டும். மறுபடி பிரித்தால் மறுபடி கூலி. அறிவு குறைவாக இருக்கும் நேரத்தில் பெரிய முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நாம் கண்ட வழி ஒன்றே: எஞ்சினைப் பிரிக்கும் முன்னரே இந்த விருப்பம் நம்மிடம் இருந்ததா என்று கேட்டுப் பார்ப்பது. மலைச்சாலைக்குப் பலமான வண்டி வேண்டும் என்று ஆறு மாதமாகக் கணக்குப் போட்டு வந்தவருக்கு நிய்யத் முன்பே இருந்தது. பிரித்தது ஒரு சந்தர்ப்பம். பட்டறையில் நிற்கும்போது, பக்கத்து வண்டியின் டர்போவைப் பார்த்தபோது பிறந்த விருப்பம் என்றால், அது நம்முடையதுதானா என்றே நாம் சந்தேகிக்க வேண்டும்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல நாம் புறப்படவில்லை. அரிசி வாங்க வந்தவரிடம், "நல்ல பிஸ்தா வந்திருக்கிறது, பாருங்கள்" என்று நாம் சொல்வதில்லையா? அது வியாபாரம். ஆயினும் ஒரு வேற்றுமை இருக்கிறது. நம் வாடிக்கைக்காரர் வேண்டாம் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். எஞ்சினைத் தட்டுத் தட்டாகப் பரப்பி வைத்திருப்பவர் எங்கே போவார்? போக முடியாதவரிடம் சொல்லும் விலைக்கும் போகக்கூடியவரிடம் சொல்லும் விலைக்கும் நீதி ஒன்றாகாது. இதை உணர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பிரிக்கும் முன்பே எல்லாவற்றையும் தாளில் எழுதிக் காட்டிவிடுவார்கள். அத்தகையவர் கிடைத்தால் பத்து வெள்ளி கூடக் கேட்டாலும் விடாதீர்கள்.

பலம் கூட்டினால் அது எஞ்சினோடு நிற்பதில்லை. அதிகம் எரித்தால் அதிகம் சூடாகும், ரேடியேட்டர் போதாது. கிளட்ச் வழுக்கும். டீசல் எஞ்சினில் காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் பாய்ந்தால் கரும்புகை கக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வணிக வாகனப் பரிசோதனையில் அந்தப் புகையே சாட்சி சொல்லும். பெட்ரோல் எஞ்சினில் ஹெட்டை அளவுக்கு மேல் இழைத்து அழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சின் தட்டத் தொடங்கும். 95 போட்டு வந்தவர் 97-க்கு மாற வேண்டி வரலாம். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது நம்மவர் எத்தனை பேர் கணக்குப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள் என்பது நினைவிருக்கும்.

எல்லாவற்றிலும் கனமானது பிரேக். மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும் வண்டியை நிறுத்தப் பிரேக் விழுங்கும் சக்தியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கை 110-ல் ஓடும்போது விழுங்கியாக வேண்டும். பழைய பிரேக், பழைய டயர், மேலே ஒரு டன் சரக்கு. இப்படிப்பட்ட வண்டியில் ஸ்டியரிங் பிடிப்பவர் முதலாளியா? இல்லை, சம்பளத்துக்கு ஓட்டும் ஒரு பிள்ளை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி, "ஒரு நடை கூட அடிக்கலாமே" என்கிறார். அந்தப் பிள்ளை அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவனை ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டால் இளவயதுக்காரன் சந்தோஷமாகத்தான் தலையாட்டுவான். அதனாலேயே அவன் சம்மதம் போதாது. அவன் தாயார் பட்டறைக்கு வந்து நின்றால் அவரிடம் என்ன சொல்வோமோ, அதை எண்ணித் தீர்மானிக்க வேண்டும்.

இப்படிச் சொல்வதால் எஞ்சின் மேல் பிரியம் உள்ள வாலிபர்களை நாம் வெறுப்பதாக எண்ண வேண்டாம். 1994-ல் வெளிவந்த பெரோடுவா கஞ்சில், 660 சி.சி. எஞ்சின் கொண்ட சிறு கார். டைஹாட்சு மிராவே அதற்கு மூலம் என்பதால், ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட்டாக வரும் மிராவின் டர்போ எஞ்சினை அதில் வைத்து மகிழ்ந்தவர் நாடெங்கும் உண்டு. அது கைத்திறன், அதில் ஒரு அழகும் இருக்கிறது. சொந்தக் கார், சொந்தப் பணம், பிரேக்கையும் அதற்கேற்ப மாற்றி, எஞ்சின் மாறியதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிந்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட்ட ஒருவரை நாம் ஏன் கண்டிக்க வேண்டும்? சொல்லாமல் மறைப்பவர் கதை வேறு. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் எஞ்சின் நம்பரைப் பார்ப்பார். நஷ்ட ஈடு மறுக்கப்பட்டால், அடிபட்ட எதிர்வண்டிக்காரருக்கும் வீண் அலைச்சல்.

விற்கும்போதும் இதே பேச்சுத்தான். சில வருஷம் பலம் ஏற்றி ஓட்டிய எஞ்சினை, "ஓவர்ஹால் செய்த வண்டி" என்று மட்டும் சொல்லி விற்பது, ஈரம் ஏறிய மூட்டையை மேல் மூட்டைக்கு அடியில் வைத்து விற்பதற்குச் சமம். வாங்குபவரும் நம்மைப் போல் ஒரு கடைக்காரராகவே இருப்பார்.

இன்னும் ஒன்று. நம் வேன்களில் பல, இரண்டு பங்காளிகளின் பணத்தில் ஓடுபவை. பட்டறைக்குப் போகிறவர் ஒருவர். கடையைப் பார்த்துக்கொள்பவர் மற்றவர். காஸ்கெட்டுக்கும் பம்ப்புக்கும் போனவரே முடிவு சொல்லலாம். டர்போ என்று பேச்சு வந்தால், மெக்கானிக் எழுதிக் கொடுக்கும் தாளை ஒரு இரவு கடைக்குக் கொண்டு போய், மற்றவரும் படித்துக் கையெழுத்திடட்டும். ஒரு நாள் தாமதத்தால் பட்டறையில் கிடக்கும் வண்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது.