எலிக்கு யார் பிளான் போட்டது?

இலவசமாக வரைந்து தருகிறேன் என்று ஓர் இன்ஜினியர் வந்து நின்றால், ஏழை ஊர் அவரிடம் என்ன கேட்க வேண்டும்? அமெரிக்காவின் கொலராடோவில் 1982இல் தொடங்கிய ‘இன்ஜினியரிங் மினிஸ்ட்ரீஸ் இன்டர்நேஷனல்’ என்ற கிறிஸ்தவ அமைப்பைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்ஜினியர்களும் கட்டடக் கலைஞர்களும் கைக்காசு போட்டு, லீவு எடுத்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிநீர்த் திட்டம் என்று வரைந்து கொடுக்கிறார்கள். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பிளான் போட என்ன கேட்பார்கள் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

இருந்தாலும் வாலாஜாபேட்டைக்காரனான எனக்கு, இந்தப் பேச்சு வந்தாலே பக்கத்து வேலூரின் பால் பிராண்ட்தான் நினைவுக்கு வருகிறார். 1914இல் கொல்லிமலையில், மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். டாக்டருக்குப் படிக்கும் முன்பே இங்கிலாந்தில் தச்சும் கொத்தும் கற்றவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போனவர்களில் சிலர் முகம் தொங்கித் திரும்பி வந்தார்கள். கோணல் கைக்கு விழுந்த பிச்சை நல்ல கைக்கு விழவில்லை. வேலை கொடுக்கவும் ஆளில்லை.

அவர்களுக்காக அதற்குப் பிறகு வந்ததுதான் நவஜீவ நிலையம். கல்லூரி வளாகத்திலேயே சில மண்சுவர்க் குடிசைகள், கைத்தொழில் கற்க ஒரு பட்டறை. கான்கிரீட்டுக்குக் காசு இருந்திருந்தாலும் குடிசையே சரி என்பேன். அவர்கள் திரும்பிப் போய் வாழப்போவது குடிசையில்தானே.

நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்றுதான் அந்தக் காலத்தில் பலரும் நம்பினார்கள். பிராண்ட் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார். கொதிக்கும் பாத்திரம், ஆணி துருத்திய கைப்பிடி, துருப்பிடித்த பூட்டில் எலும்பு தெரியும்வரை திருகிய சாவி. தொழுநோயால் வலி தெரியாததால் கையை யாரும் இழுத்துக்கொள்ளவில்லை. சில காயங்களுக்கு மட்டும் காரணம் பிடிபடவில்லை. படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை. ராத்திரி விழித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எலி. அதன்பின் வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனையும் கொடுத்தனுப்பினார்கள். எந்த வரைபடத்தில் பூனைக்கு இடம் உண்டு?

செருப்பு விஷயமும் அப்படித்தான். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோல் பதனிட்டு அனுப்புகிற சீமை. உணர்ச்சியற்ற பாதத்துக்கோ ஆணி அடித்த கெட்டித்தோல் செருப்பே எதிரி. ஆணியில்லாமல், மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு, பாதங்களை நாள்பட அளந்து பார்த்தவர்களின் வேலை.

1945இல் தொழுநோய் மிஷனுக்காக இந்தியா வந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் இப்படிப் பார்த்துக் கற்றவர்தான்; அவர் குவேக்கர் பிரிவுக் கிறிஸ்தவர். இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருஷம் இருந்து, உள்ளூர்க்காரர்கள் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டுவதைப் பார்த்தே புதிதாகத் தொழில் கற்றார்.

லீவில் வருகிறவரை இங்கேயே தங்கச் சொல்ல முடியாது. அவருக்கும் குடும்பம், வேலை உண்டு. அவர் வரைந்ததை அடுத்த சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் உடனிருந்து பார்க்க இங்கே ஒருவர் வேண்டும். கட்டடத்துக்கு நன்கொடை கேட்டால், கல்வெட்டில் பேர் வரும் என்று கொடுப்பார்கள். ராத்திரி விழித்திருந்து பார்க்கிறவருக்குச் சம்பளம் கேட்டால் யார் கொடுப்பார்கள்?