ஆளில்லா வீடும் அமானிதமும்

பாழடைந்த கட்டிடங்களின் உட்புறத்தைப் படமெடுப்பது இன்று பலருக்கு விருப்பமான கலையாகிவிட்டது. பெயர்ந்த சுண்ணாம்பும், சாய்ந்த கதவும், கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயிலும் கண்ணுக்கு அழகாகவே தோன்றுகின்றன. அவ்வழகை நாம் மறுக்கவில்லை. ஆனால், பிறர் வாழ்ந்த இடத்தினுள், பிறர் உழைத்த கூடத்தினுள் கேளாமல் நுழைந்து படமெடுத்து வர நமக்கு உரிமை உண்டா?

விருத்தாசலத்தை எண்ணிப் பார்ப்போம். நெய்வேலிக்கு அண்மையிலுள்ள இவ்வூர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கு அமைந்தன. களிமண்ணைக் குவார்ட்ஸ், பெல்ஸ்பார் தூள்களுடன் நீரில் கரைத்து, பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் உட்சுவரில் மண் படிந்து உருவம் பெறும். மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டு, உருவை உலர்த்திப் பிசிறு நீக்கிச் சூளையில் சுடுவர். ஈரமண்ணில் பதிந்த விரற்சுவடு சுட்டபின் அழிவதில்லை.

இத்தகைய ஊரில், சூளை அணைந்த ஒரு கூடத்தினுள் காமிராவுடன் ஒருவர் நுழைவதாகக் கொள்வோம். அடுக்கிய அச்சுகளும், சுடப்படாத பொம்மைகளும், சுவரில் கரியால் எழுதிய கூலிக் கணக்கும் அவர் படத்தில் விழும். காண்போர் வியப்பர். வேலையிழந்து வேற்றூர் சென்ற தொழிலாளிக்கோ, அது நின்றுபோன பிழைப்பு. அவர் பெயரும் சூளை அணைந்த காரணமும் படத்தில் இல்லை.

"யாருமற்ற இடத்தில் யாரிடம் அனுமதி கேட்பது?" என வினவலாம். நியாயமான வினாவே. திருமறையின் அந்நூர் அத்தியாயம் (24:27-29) இதற்கு நுட்பமான வழி காட்டுகிறது. பிறர் வீட்டினுள் அனுமதியும் சலாமும் இன்றி நுழையலாகாது. உள்ளே ஒருவரையும் காணாவிட்டாலும், அனுமதி கிடைக்கும்வரை நுழையலாகாது. குடியிருப்பு அல்லாத, நமக்குப் பயனுள்ள இடங்களில் நுழைவது குற்றமன்று. நாம் வெளிப்படுத்துவதையும் மறைப்பதையும் இறைவன் அறிவான் என்ற நினைவூட்டலும் உடன் வருகிறது. ஆகவே, வீட்டுக்காரர் வெளியே சென்றிருப்பது வேறு; அது எவருக்கும் வீடாக இல்லாதிருப்பது வேறு.

இவ்வேறுபாட்டின் கனத்தை யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அறிவர். 1990 அக்டோபர் 30 அன்று, இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் அவர்களுக்கு ஆணையிட்டனர். அந்நாட்களில் வட மாகாணத்திலிருந்து துரத்தப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். அகதி முகாம்களிலேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்தோர் பலர், கூரையும் கதவும் அற்ற சுவர்களையே கண்டனர்.

இவற்றைக் 'கைவிடப்பட்ட வீடுகள்' என்று எழுதுவது தகுமா? உரியவர்கள் கைவிடவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டன. ஆளில்லை என்பதைக் கொண்டு அங்கு அனுமதி தேவையில்லை என்று சொல்வோமாயின், துரத்தியவன் செயலுக்கு நாமும் ஒப்பமிட்டவர்களாவோம்.

ஆயின் மறுபக்கமும் உண்டு. உரியவர் அனுமதி கிட்டும்வரை படமே கூடாது என்று இருந்துவிட்டால், சுவரும் இடிந்து, இங்கு ஒரு குடும்பம் வாழ்ந்தது என்பதற்கான தடயமும் மறையும். அதுவும் பறித்தவனுக்கே ஆதாயம். எனவே, படம் எடுக்கப்படத்தான் வேண்டும். எடுப்பவர் அதைச் சாட்சியம் என்று கருதி எடுக்க வேண்டும்.

அதற்கான முறை கடினமன்று. அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து உரியவரைத் தேட வேண்டும். எவருடைய வீடு, எந்த ஆண்டு, ஏன் வெறுமையாயிற்று என்று அறிந்தவரை எழுதி வைக்க வேண்டும். உள்ளே கிடக்கும் கடிதத்தையோ குடும்பப் படத்தையோ தொடாதிருக்க வேண்டும். உரியவர் கிடைத்தால் முதற்படி அவருக்கே சேர வேண்டும். அவர் வேண்டாமென்றால் வெளியிடாதிருக்க வேண்டும்.

அமானிதம் பேணுதலை நம் குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே கற்பிக்கின்றன. பணத்துக்கும் நகைக்கும் மட்டும் உரியதன்று அப்பண்பு. ஆளில்லாத வீட்டினுள் எடுத்த படமும், உரியவர் வரும்வரை நம்மிடம் இருக்கும் அமானிதமே.