பதினேழு தடவையும் பதில் சொன்னார்

(சித்திரைத் திருவாதிரையை ஒட்டி நிகழ்ந்த உபன்யாசத்தின் எழுத்து வடிவம்)

...ஆக, சுவாமி ராமானுஜர் பதினெட்டாவது தடவையாகப் புறப்படுகிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூர். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பஸ்ஸில் போய்விட்டு வந்தாலே நமக்கு இடுப்பு கழன்றுவிடுகிறது. அவர் நடந்து போகிறார். போக நூறு, வர நூறு, பதினெட்டு தடவை. பின்னால் பிள்ளைகள் செல்ஃபோனை எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். போடட்டும், உபன்யாசத்தில் அதை எடுக்க இன்றைக்காவது ஒரு நியாயம் கிடைத்ததே! எவ்வளவு? மூவாயிரத்து அறுநூறா? சரி.

ரகசிய அர்த்தம் கேட்கப் போனவரிடம், அதுவரை ஒவ்வொரு தடவையும் ஆசாரியர் திருக்கோஷ்டியூர் நம்பி என்ன சொன்னார்? "பிறகு வாரும்." அவ்வளவுதான்.

இதை இன்றைக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காலையில் ஒரு அன்பர் வந்தார். பெரிய கம்பெனியில் ஆள் எடுக்கிற வேலை, ஹெச்.ஆர். முகமே சரியில்லை. "சுவாமி, வேலைக்கு வந்த ஒரு பெண் எங்களைக் கிழிகிழி என்று கிழித்து மெயில் போட்டிருக்கிறாள். பதில் எழுதச் சொல்கிறார்கள். என்ன எழுதட்டும்?" என்றார். நான் ராமாயணம் சொல்கிறவன், என்னிடம் வந்து கேட்கிறாரே என்று பார்த்தேன். வாங்கிப் படித்தேன்.

கிழிக்கவெல்லாம் இல்லை. பாவம், மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறது அந்தக் குழந்தை. அஞ்சு ரவுண்டு. அஞ்சிலும் அதே கேள்வி. ஒரு ரவுண்டில் எதிரே இருந்தவர் முகத்தையே நிமிர்த்தவில்லை, லேப்டாப்பில் வேறு ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, வீட்டில் செய்து கொண்டு வா என்று மூன்று நாள் வேலை கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி கண் விழித்துச் செய்து அனுப்பினாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வாரக் கணக்கில். இவளாகக் கேட்டு எழுதினதும் மெஷின் ஒரு பதில் அனுப்புகிறது. அவள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: "வேலை தராதது உங்கள் இஷ்டம். நான் செய்து கொடுத்ததை யாராவது படித்தீர்களா?"

இதற்கு அன்பர் எழுதி வைத்திருந்த பதிலையும் காட்டினார். "எங்கள் தேர்வு முறை மிகச் சீரானது, உலகத் தரம் வாய்ந்தது, தங்கள் வருங்காலம் சிறக்க வாழ்த்துகள்." ஏன் ஓய், அவள் படித்தீர்களா என்று கேட்கிறாள், நீர் உலகத் தரம் என்கிறீர்!

சிரிக்காதீர்கள். நாமும் செய்ததுதான். பெண் பார்க்கப் போய், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, பாட்டுப் பாடச் சொல்லி, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்றோமே, போட்டோமா? அந்த வீட்டில் எத்தனை நாள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? முன் வரிசை மாமிகள் எல்லாம் இப்போது பந்தலைப் பார்க்கிறார்கள்!

எங்கே விட்டேன்? பதினெட்டு. அன்பர் என்னையே மடக்கினார். "சுவாமி, உங்கள் நம்பி பதினெட்டு தடவை அலைய விட்டாரே, நாங்கள் அஞ்சு தடவைதானே" என்றார். சபாஷ். ஆனால் நம்பி பதினேழு தடவையும் பதில் சொன்னார் ஐயா! தானே சொன்னார். இல்லை என்றால் இல்லை, பிறகு என்றால் பிறகு. இன்னொரு வித்தியாசம்: என்ன பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரியும். வந்திருப்பவருக்கு இந்த அர்த்தத்தில் உயிர் போகிற ஆசை உண்டா, அகங்காரம் கழன்றதா, அது ஒன்றுதான். அஞ்சு பேர் உட்கார்ந்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அஞ்சு தடவை கேட்டால் அதற்குப் பெயர் பரீட்சையா? கூகுள் கம்பெனியே தன் பழைய கணக்கையெல்லாம் எடுத்துப் பார்த்து, நாலு பேர் கேட்டால் போதும், அதற்கு மேல் கேட்டுப் பெரிதாக ஒன்றும் தெரிந்துவிடாது என்று முடிவு கட்டியதாம். அங்கே வேலை செய்கிற பிள்ளை ஒருத்தன் சொன்னான்.

ராமகோஷ்டியில் நடந்ததைப் பாருங்கள். விபீஷணாழ்வான் நாலு பேரோடு ஆகாசத்தில் நிற்கிறான். கீழே பேனல் கூடிவிட்டது. சுக்ரீவன் கொல்லு என்கிறான். அங்கதன் பரீட்சை வை என்கிறான். சரபன் ஒற்றனை அனுப்பு என்கிறான். ஜாம்பவானுக்கு வந்த இடமும் சரியில்லை, நேரமும் சரியில்லை. மைந்தன் கேள்வி கேட்டுப் பார்ப்போம் என்கிறான். கடைசியில் திருவடி, நம் ஆஞ்சநேயர், எழுந்திருக்கிறார். திடீரென்று குடைந்து குடைந்து கேட்டால் புத்திசாலிக்குச் சந்தேகம் வரும், நல்ல மனசோடு வந்த சிநேகிதனையும் பொய்க் கேள்வியால் கெடுத்துக்கொள்வோம் என்கிறார். வால்மீகி எழுதி வைத்திருக்கிறார் ஐயா, யுத்த காண்டத்தில்! கேள்வி கேட்கிறவனையும் வந்தவன் எடை போடுகிறான் என்பது திருவடிக்குத் தெரிந்திருக்கிறது. அன்பர் கம்பெனிக்குத் தெரியவில்லை.

சரி, விபீஷணனை அங்கேயே விடுவோம். கடற்கரைக்குப் போனால் நான் திரும்ப மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

பதினெட்டாவது தடவை. நம்பி சொல்லி அனுப்புகிறார்: தண்டும் பவித்திரமுமாக, தனியே வாரும். சுவாமி போகிறார், கூடவே முதலியாண்டானும் கூரத்தாழ்வானும். தனியே வரச் சொன்னேனே என்கிறார் நம்பி. ஆண்டான்தான் தண்டு, ஆழ்வான்தான் பவித்திரம் என்கிறார் சுவாமி. ஆஹா! விதியை மீறினான், வெளியே போ என்று சொல்லவில்லை நம்பி. பதில் நியாயமாக இருந்தது, ஏற்றுக்கொண்டார். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று ஆணை வாங்கிக்கொண்டு அர்த்தத்தை அருளினார்.

மறுநாள் என்ன நடந்தது என்று குழந்தைகளுக்கும் தெரியும். கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார். திருமந்திரார்த்தமா, சரம ஸ்லோகார்த்தமா, ஏறினது கோபுரம்தானா என்று பெரியவர்கள் தனியே விசாரிப்பார்கள். இன்றைக்கு அதற்கு நேரமில்லை, புளியோதரை வாசனை வர ஆரம்பித்துவிட்டது. அன்பருக்கு நான் சொன்னது இதைத்தான். கோபுரத்தில் ஏறினதைவிடப் பெரிய விமர்சனம் உண்டா? பதினெட்டு தடவை நடக்க வைத்துத் தருகிற உம்முடைய முறை எனக்குச் சம்மதமில்லை என்று அதற்கு அர்த்தம் ஆகாதா?

நம்பிக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும், ஆசாரியன். கூப்பிட்டனுப்பினார். அந்த இடத்தைக் கவனியுங்கள். ஆள் விட்டு ஓலை கொடுத்தனுப்பவில்லை, நேரே கூப்பிட்டார். ஆணையை மீறினால் என்ன பலன் தெரியுமா என்று கேட்டார். நரகம் என்று தெரியும், நான் ஒருவன் போனாலும் இத்தனை பேர் பிழைப்பார்களே என்றார் சுவாமி. நம்பி என்ன செய்தார்? என் முறை உலகத் தரம் என்றாரா? "இந்த மனசு எனக்கு வரவில்லையே" என்று கட்டிக்கொண்டார். எம்பெருமானார் என்று பேர் கொடுத்தார். இன்றைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் சேவிக்கிறோம்.

அன்பர் விடவில்லை. "தப்பு என்று எழுதினால் அவள் அதை வைத்துக்கொண்டு வழக்குப் போட்டால்?" படித்தீர்களா என்று கேட்டவளுக்குப் படித்தோம் என்றோ படிக்கவில்லை என்றோ சொன்னால் எந்தக் கோர்ட்டில் ஐயா வழக்கு? "வேலை கிடைக்காத கோபத்தில் எழுதுகிறாள் சுவாமி." இருக்கட்டுமே. கோபத்தில் எழுதினால் அஞ்சு ரவுண்டு நாலாகிவிடுமா? உள்ளே வேலைக்குச் சேர்ந்தவன் இதைச் சொல்ல மாட்டான், அவனுக்குச் சம்பளம் இருக்கிறது. வெளியே போனவள்தான் சொல்ல முடியும். அவளுக்கு இனி உங்களிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

கடைசியில் இப்படி எழுதச் சொன்னேன். அந்த மூன்று நாள் வேலையை முதலில் எடுத்துப் படியும். படித்துவிட்டு, எது நன்றாக இருந்தது, எது போதவில்லை என்று நாலு வரி. லேப்டாப்காரரைப் பற்றி அவள் சொன்னது சரி என்றால் சரி என்று ஒரு வரி. அஞ்சு ரவுண்டை உம்மால் குறைக்க முடியுமானால் குறைக்கிறோம் என்று எழுதும். முடியாதென்றால் அந்த வரியே வேண்டாம், எழுதிவிட்டுச் செய்யாமல் இருப்பது பாகவத அபசாரம். இன்னும் நாலு பேர் அந்த வேலையைச் செய்து கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்களே, அவர்களுக்கும் அனுப்பும். வேலை தருகிறேன் என்று சொல்ல வேண்டாம். அவள் கேட்கவில்லை. அடியில் கம்பெனி பேரைப் போட்டு ஒளிந்துகொள்ளாமல் உம்முடைய பேரைப் போடும்.

தலையை ஆட்டிக்கொண்டு போனார். தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறார், திரும்பிப் பார்க்காதீர்கள், பாவம். என்ன சுவாமி, அனுப்பியாச்சா? இல்லையா? "பாஸிடம் காட்ட வேண்டும்" என்கிறார். சரி, காட்டும். அவருக்கும் சேர்த்துத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன்.

நாளைக்கு யக்ஞமூர்த்தியோடு வாதம். அங்கேயும் பதினெட்டுதான், ஆனால் பதினெட்டு நாள். சீக்கிரம் வந்துவிடுங்கள், ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுவேன்.