எத்தனை படி தூரம்?



ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தை மைல்கல் சொல்லிவிடும். ஒரு கூட்டத்தாருக்கும் மறு கூட்டத்தாருக்கும் நடுவே மனத்தில் கிடக்கிற தூரத்தை எதைக்கொண்டு அளப்பது? அமெரிக்காவில், தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த எமரி போகார்டஸ் என்பவர் 1925-ம் ஆண்டில் அதற்கும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்.

அது ஏழு படியுள்ள ஏணி. இன்ன கூட்டத்தாரை விவாகத்தால் நெருங்கிய உறவினராய் ஏற்பீரா? இது முதற்படி. சங்கத்தில் தோழராய், தெருவில் அண்டை வீட்டாராய், தொழிலில் உடன் வேலை செய்பவராய், நாட்டின் பிரஜையாய், வந்துபோகும் அந்நியராய் மட்டும் என்று கேள்விகள் இறங்கிக்கொண்டே போகும். நாட்டிலேயே கால் வைக்கக் கூடாதென்பது ஏழாம் படி. யோசித்துப் பதில் எழுதலாகாது; முதலில் மனத்தில் எழும் உணர்ச்சியையே எழுத வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. யோசித்தால் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவோம் அல்லவா!

1926-ல் அமெரிக்க மாணவர்களிடம் 30 கூட்டத்தாரைப்பற்றி விசாரித்தார்கள். மிக நெருக்கமாய் வந்தவர்கள் ஆங்கிலேயர். முப்பதாவதாய், எல்லாருக்கும் கடைசியில் நின்றவர்கள் யார் தெரியுமா? இந்தியர்களாகிய நாம்தான்! வாசிக்கும்போது நெஞ்சு சுடுகிறது. நம்மில் ஒருவரையாவது பார்த்திராதவர்கள் நம்மைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்கத் தோன்றுகிறது.

பாராமலே தள்ளுவதுதான் மனுஷர் வழக்கம். யூஜின் ஹார்ட்லி என்னும் பண்டிதர் உலகத்திலேயே இல்லாத மூன்று ஜாதியாருக்குப் பெயர் சூட்டிப் பட்டியலில் கலந்து வைத்தார். மற்றக் கூட்டத்தாரை வெறுத்த மாணவர்கள் இல்லாத அந்த ஜாதியாரையும் ஒதுக்கினார்கள். 1946-ல் இதைப் புஸ்தகமாய் வெளியிட்டார். வெறுப்புக்கு ஆள்கூட வேண்டியதில்லை, பெயர் ஒன்றே போதும் என்று இதனால் விளங்குகிறது.

யாக்கோபின் கிணற்றண்டை நடந்ததை இந்த ஏணியில் வைத்துப் பாருங்கள். யூதரும் சமாரியரும் ஒரே பாத்திரத்தில் புழங்காதவர்கள். சேசுநாதரோ சமாரியப் பெண்ணிடம் தாமே தண்ணீர் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், அந்த ஊரார் வேண்டிக்கொண்டபடியே இரண்டு நாள் அங்கே தங்கினார். இந்த இரண்டு நாளை நாம் பிரசங்கங்களில் அவ்வளவாய்ச் சொல்வதில்லை. அவர் யார் வீட்டில் படுத்தார், யார் சமைத்ததைச் சாப்பிட்டார்?

நம் நாட்டுக்கு வருவோம். வடக்கன்குளம் கோயிலில் 19-ம் நூற்றாண்டில் ஜாதியாரைப் பிரித்து நிறுத்தச் சுவர் இருந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை இடித்தபோது வழக்கு உயர் நீதிமன்றம்வரைக்கும் போயிற்று. செங்கல் சுவர் விழுந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இன்று ஒரே பந்தியில் முழந்தாளிடுகிறோம், ஒரே நற்கருணை வாங்குகிறோம். இது ஏணியின் நடுப்படிதான். ஞானஸ்நானம், சம்பளம், குணம் எல்லாம் பொருந்தின பிறகும், "நம்மவர்கள்தானா?" என்று தரகரிடம் மெதுவாய்க் கேட்கிறோமே, அங்கேதான் முதற்படி இருக்கிறது. பிள்ளைகள் அடுத்த அறையில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறார்கள்.

தூரம் குறையாமலும் இல்லை. அமெரிக்காவில் 1926-ல் சராசரி 2.14 ஆக இருந்தது 1966-ல் 1.92 ஆயிற்று. 40 வருஷத்துக்கு இது கொஞ்சந்தான்.

இந்த வாரம் ஓரிரவு, குடும்ப ஜெபமாலை முடிந்தபின், வீட்டார் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். நமது பங்கில் உங்களுக்குத் தூரமென்று தோன்றுகிற கூட்டத்தாரின் பெயரை எழுதி, எந்தப் படிமட்டும் ஏற்பீர்கள் என்று யோசியாமல் குறியுங்கள். தகப்பன் எழுதினதைப் பிள்ளையும், பிள்ளை எழுதினதைத் தகப்பனும் வாசியுங்கள். காகிதத்தைச் சுவாமியார் பங்களாவுக்குக் கொண்டுவர வேண்டாம்.