ஒன்பது விநாடி இறக்கம்

போன வருடம் ஒரு போர்டு தானாக ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஒருமுறை; சில நாள் அதுவும் இல்லை. ஆசிலாஸ்கோப்பை மாட்டி 3.3 வோல்ட் சப்ளையைப் பார்த்தேன். கோடு முழுக்க முள் முள்ளாக நின்றது. "எல்லாம் நாய்ஸ்பா, ஆவரேஜ் போடு, சுத்தமாயிடும்" என்றார் சீனியர். போட்டேன். அழகான நேர்கோடு. படமெடுத்து ரிப்போர்ட்டில் வைத்து, சப்ளை சரியாக இருக்கிறது என்று எழுதினேன்.

அது பொய்யா? அந்தப் படத்தை நான் வரையவில்லை, கருவிதான் காட்டியது. ஆனால் ஆவரேஜ் என்பது 64 தடவை வந்த அலையைக் கூட்டி வகுப்பது. ஒவ்வொரு தடவையும் வருவது நிலைக்கும். ஒரே ஒருமுறை வந்தது 64-ல் ஒரு பங்காகச் சுருங்கிக் காணாமல் போகும். நான் தேடியதே ஒருமுறை மட்டும் வருவதைத்தான்!

அதற்காக எல்லா முள்ளையும் அப்படியே காட்டுவதுதான் நேர்மை என்றும் சொல்ல முடியவில்லை. அவற்றில் பாதி என் கைவேலை. ப்ரோபின் கிரவுண்ட் ஒயர் ஒரு சாண் நீளம் தொங்கினால் அதுவே ஆன்டெனா மாதிரி சுற்றியிருப்பதையெல்லாம் இழுக்கும். ஒயரைக் கழற்றிவிட்டு முனையிலேயே குட்டி ஸ்பிரிங்கை மாட்டினேன், பாதி முள் போய்விட்டது. இதுவும் சுத்தம் செய்வதுதான். ஆனால் இங்கே நான் நீக்கியது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆவரேஜில் எதை நீக்கினேன் என்றே தெரியாது.

எங்கள் ஊர் செங்கம். வடக்கே ஜவ்வாது மலை. அந்த மலையில் காவலூர் வானாய்வகத்தில் 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை நெருங்கிப் போவதை 1 மீட்டர் தொலைநோக்கியில் பார்த்தார்கள். நட்சத்திர ஒளியைத் தொடர்ந்து பதிந்துகொண்டிருந்த கோடு, கோள் வருவதற்கு முன்பே சுமார் 9 விநாடி இறங்கி ஏறியது. ஒரே ராத்திரி. திரும்பப் பார்க்க வழியில்லை, சராசரி எடுக்கவும் வழியில்லை. மேகம் என்றோ கருவிக் கோளாறு என்றோ விட்டிருக்கலாம். பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் விடவில்லை. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அது துணைக்கோள் இல்லை, வளையம். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் பறந்தபடி அதே நட்சத்திரத்தைப் பார்த்த எலியட் குழுவுக்குக் கோளின் இரு பக்கமும் பல இறக்கங்கள் கிடைத்திருந்தன.

காவலூர்க்காரர்கள் தோற்றார்கள் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வைத்த பெயர்தான் தப்பு. 9 விநாடி அப்படியே நின்றது. இறக்கத்தையே அழித்திருந்தால் திருத்துவதற்கு என்ன இருந்திருக்கும்?

ஆவரேஜை நிறுத்திவிட்டு, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மட்டும் பிடிக்கும்படி ஒற்றை ட்ரிக்கர் வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் திரையில் ஒரே ஒரு குழி, சில மைக்ரோ விநாடி அகலம். ஒருமுறை இறங்கியது, காரணம் தெரியவில்லை என்று எழுதினேன். "காரணம் தெரியாததை எதுக்குப்பா எழுதுற?" என்றார் சீனியர்.

பழைய படத்தை நீக்கவில்லை. அடியில் 'ஆவரேஜ் 64' என்று மட்டும் சேர்த்தேன்.